கூரைக்கு முன் வந்த மழை: ஜவ்வாது மலையடிவாரத்தில் கையால் கட்டிய ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஒடுகத்தூருக்கு அப்பால், ஜவ்வாது மலை இறங்கி முடியும் சரிவில் ஒன்றே முக்கால் ஏக்கர் புஞ்சை. அதை வாங்கியது வேலூரில் வாடகைக்கு இருந்த ஐந்து பேர் கொண்ட குடும்பம்: கணவர், மனைவி, கணவரின் அப்பா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கணவருக்கு லேத் பட்டறைப் பழக்கம் உண்டு. அப்பா இளவயதில் மண் வீட்டு வேலைகளுக்குப் போனவர். சிமெண்ட் கலந்த மண் கல்லில் இருவருக்கும் முன் அனுபவம் இல்லை.

கடைசி மின்கம்பம் நிலத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் தள்ளி நின்றது. கம்பி இழுக்க ஆகும் செலவில் சூரிய மின்சாரமே வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். குடிக்க மழைநீர், புழங்க பழைய கிணறு, சுவருக்கு அந்த நிலத்து மண். 2021 தையில் தொடங்கி ஆனியில் கூரை ஏற்றி, ஐப்பசி மழைக்குள் குடிபோவது என்பது திட்டம். குடிபோனது 2022 ஜூனில்.

திட்டமும் அளவும்

வெளி அளவு 30 அடிக்கு 20 அடி. உள்ளே 30 அடி நீளத்துக்குத் தடுப்புச் சுவர். சுவர் உயரம் எட்டரை அடி, இரு முனையிலும் முக்கோணச் சுவர். கல் 24 செ.மீ.க்கு 24 செ.மீ., கனம் 9 செ.மீ., எடை ஏறத்தாழ 10 கிலோ. பூச்சோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 40 கல். கதவு, ஜன்னல் கழித்து ஏறக்குறைய 99 சதுர மீட்டர் சுவர். உடைசலும் சேர்த்து 4,400 கல்.

எடையில் 5 சதவீதம் சிமெண்ட் என்றால் ஒரு மூட்டைக்கு நூறு கல். ஆக 44 மூட்டை. இந்தக் கணக்கில் பிழை இல்லை. பிழை நாள் கணக்கில். கையால் அழுத்தும் எந்திரத்தை வாடகைக்கு எடுத்தபோது ஒரு நாளைக்கு 250 கல் என்று எழுதிக்கொண்டார்கள். பழகிய ஆறேழு பேர் கொண்ட குழு இதைவிட அதிகமாகவே அடிக்கும். மூன்று பெரியவர்களும் அவ்வப்போது வரும் ஒரு கூலியாளும் அடித்தது முதல் வாரத்தில் 80, பிறகு 120. எந்திரத்தின் கைப்பிடியை இழுக்க ஆகும் நேரம் சொற்பம். மண் வெட்டி, சலித்து, கலந்து, கல்லைத் தூக்கி அடுக்குவதில்தான் நாள் போகிறது.

மண்

மேல் ஒரு அடி மண்ணை வெட்டி ஒதுக்கினார்கள். வேரும் இலை மட்கும் உள்ள மண் கல்லுக்கு ஆகாது. அது தோட்டத்துக்குப் போனது. அதற்குக் கீழே நல்ல செம்மண். கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்துப் பார்த்ததில், களி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 60 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள மரத் தொட்டியில் ஈர மண்ணை அடைத்து நிழலில் காயவைத்தபோது 38 மி.மீ. சுருங்கியது. அப்படியே கல் அறுத்திருந்தால் காயும்போதே வெடித்திருக்கும்.

இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கிரஷர் தூள் (கல்லுடைக்கும் ஆலைத் தூள்) சேர்த்தார்கள். சுருக்கம் 17 மி.மீ. ஆனது. ஆற்று மணல் தேவைப்படவில்லை. ஈரத்துக்கு உருண்டைச் சோதனை: கையில் பிடித்த உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொடியானால் தண்ணீர் போதாது. உடையாமல் அப்பிக்கொண்டால் அதிகம்.

இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. மண்ணைச் சோதிக்காமலே கல் அறுக்கத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் என்பதால் இதையும் பதிய வேண்டியிருக்கிறது.

கல் அறுத்த நாட்கள்: 2021 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை

பிப்ரவரி 8ஆம் தேதி முதல் கல். முதல் ஒன்பது நாளில் 720 கல் வந்தது. அந்த நாட்களில் ஒரு முழு மூட்டை சிமெண்டை ஒரே தடவையில் மண்ணோடு கலந்து, தண்ணீர் தெளித்து, குவித்து வைத்து அடித்தார்கள். நூறு கல் அடித்து முடிக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் பட்டு முக்கால் மணி நேரத்துக்குள் கலவையை அழுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் சிமெண்ட் இறுகத் தொடங்குகிறது; இறுகியதை எந்திரம் உடைத்து அடைக்கிறதே தவிர, அது மறுபடி பிடிப்பதில்லை. ஒவ்வொரு கலவையிலும் பாதிக்கு மேற்பட்ட கல் இப்படிப் போனவை. வெளிப் பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.

பத்தாம் நாள் கூலிக்கு வந்தவர், வேறு இடத்தில் இந்த வேலை பார்த்தவர், கால் மூட்டையாகக் கலக்கச் சொன்னார். பன்னிரண்டரை கிலோ சிமெண்ட், 25 கல், 40 நிமிடம். அதற்குப் பிறகு அறுத்த கல்லில் குறை காணவில்லை. முதல் 720 கல்லை என்ன செய்வது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அடுக்குகளின் மேல் சுண்ணாம்பால் தேதி எழுதி வைத்திருந்தார்கள். பின்னால் காரணம் தேட முடிந்தது இதனால்தான். எந்தக் கலவை என்றும் எழுதியிருந்தால் இன்னும் கல்லைக் காப்பாற்றியிருக்கலாம். முதல் இரண்டு நாள் தார்ப்பாய் போட்டு மூடி, பிறகு 28 நாள் வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளித்தது ஒழுங்காக நடந்தது.

அஸ்திவாரம்: இரண்டரை அடி ஆழம், இரண்டு அடி அகலம், நிலத்திலேயே கிடைத்த கருங்கல். தரைக்கு மேல் ஒன்றரை அடி கட்டி, மேலே கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட். மலைச் சரிவில் ஒன்றரை அடி போதாது. இரண்டு அடி ஏற்றியிருக்க வேண்டும்.

சுவர் ஏறியது, கூரை ஏறவில்லை: 2021 மார்ச் முதல் அக்டோபர் வரை

மார்ச் கடைசியில் சுவர் வேலை. சாந்துக்குச் சிமெண்ட் ஒரு பங்கு, சலித்த மண் இரண்டு, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) ஆறு. எந்தக் கல் முதலில் பதமானதோ அதை முதலில் எடுத்தார்கள். இது எல்லோரும் செய்வதுதான். ஆனால் கற்றுக்கொள்ளும்போது அறுத்த கல், அதாவது இருப்பதிலேயே மோசமான கல், சுவரின் அடி வரிசைகளுக்குப் போகிறது. அடி வரிசைதான் அதிகப் பாரம் தாங்குவது, மழை தெறித்து அதிகம் நனைவது. இங்கே வேலை மலைப்பக்கச் சுவரிலிருந்து தொடங்கியதால், மேட்டிலிருந்து வரும் வெள்ளம் முதலில் தொடும் இடத்தில் அந்தக் கல் உட்கார்ந்தது.

மே 10 முதல் முழு ஊரடங்கு. மேஸ்திரி வர முடியவில்லை, கடைகள் இல்லை. குடும்பமே தூக்குக் குண்டும் ரசமட்டமும் வைத்து ஒரு நாளைக்கு ஒரு வரிசை, ஒன்றரை வரிசை ஏற்றியது. ஜூலையில் ஜன்னல் மட்டம்.

கூரைக்குப் பழைய வீடுகள் பிரித்த இடத்தில் பனை வாரை வாங்கி வைத்திருந்தார்கள். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. பிரித்த மரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, நாள்பட்டுக் காய்ந்த வைரமும் கிடைக்கும். ஆடி மாதம் முழுக்க ஆசாரி கையில் வேலை இல்லாமல் இருந்தார். ஆடியில் யாரும் உத்திரம் ஏற்ற மாட்டார்கள் என்பதே காரணம். தடுப்புச் சுவரும் இரு நெடுஞ்சுவரும் வேகமாக முடித்துப் பாதிக் கூரையாவது ஏற்றலாம் என்று மனைவி சொன்னார், பெரியவர் ஒப்பவில்லை. ஆவணியில் ஆசாரிக்கு ஊர் முழுக்க வேலை. செப்டம்பர் கடைசியில் சுவர் எட்டரை அடி தொட்டபோது அவர் தைக்கு நாள் கொடுத்தார்.

அங்கே எடுத்த முடிவு: மழைக்காலம் மட்டும் சுவர்த் தலைமேல் தார்ப்பாய் போட்டுக் கல் ஏற்றி வைப்பது; சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கி அதில் தங்கிக் காவல் இருப்பது. வாடகை மிச்சமாகும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

நவம்பர் 2021

அந்த நவம்பரில் பாலாற்றில் பல ஆண்டுகள் காணாத வெள்ளம். மலைச் சரிவில் ஓடை இல்லாத இடத்திலெல்லாம் தண்ணீர் வழி பிடித்தது.

தார்ப்பாய் மூன்று விதத்தில் காலை வாரியது. இரு சுவருக்கு நடுவே தொய்ந்து குளமாகி, பாரம் தாங்காமல் ஒரு முனை கழன்று, அவ்வளவு தண்ணீரும் ஒரே இடத்தில் சுவர்த் தலையில் கொட்டியது. சுவரின் வெளிமுகத்தில் முக்கால் அடிதான் இறங்கியிருந்ததால் அதன் ஓரத்திலிருந்து வழிந்த நீர் சுவரடியில் விழுந்து தெறித்தது. காற்று அடித்த இரவுகளில் ஏற்றி வைத்த கல்லே விழும் அபாயம்.

12ஆம் தேதி காலை மலைப்பக்கச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்ததைப் பெரியவர் பார்த்தார். விரலால் அழுத்தினால் விளிம்பு மாவாக வந்தது. “சொவுத்தாண்ட இனிமே யாரும் படுக்காதீங்கம்மா” என்று மருமகளிடம் சொல்லி, அன்றைக்கே எல்லோரையும் கிளப்பி, ஒடுகத்தூரில் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இதுதான்.

18ஆம் தேதி இரவு மலைப்பக்கச் சுவரில் ஒன்பது அடி நீளம் சாய்ப்பின் மேல் விழுந்தது. மறுநாள் காலை இதே மாவட்டத்தின் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

பிரித்துப் பார்த்ததில்

மழை விட்டதும் விழுந்த கல்லையும் நின்ற கல்லையும் மூன்று விதமாகச் சோதித்தார்கள். முதலாவது எடை: காய்ந்த நல்ல கல் 10 கிலோவை ஒட்டி இருந்தது, சந்தேகப்பட்டவை 9.3 கிலோ. ஒரே அளவு கல்லில் எடை குறைகிறது என்றால் உள்ளே இறுக்கம் இல்லை. இரண்டாவது ஆணி: நல்ல கல்லில் வெள்ளைக் கோடு விழுந்தது, மற்றதில் பள்ளம். மூன்றாவது ஊறல்: 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்தால் நல்ல கல் மூலை கெடாமல் வந்தது, மற்றது மூலை கரைந்து வந்தது. இந்த மூன்றுக்கும் ஒரு தராசும் ஒரு ஆணியும் ஒரு தொட்டியும் போதும். மார்ச்சிலேயே செய்திருக்கலாம்.

சுவரில் அடியிலிருந்து நான்காவது முதல் பதினோராவது வரிசை வரை கரைந்திருந்தது. தேதிக் குறிப்போடு ஒப்பிட்டால் எல்லாம் முதல் ஒன்பது நாள் கல். அடி மூன்று வரிசை தப்பியதற்குக் காரணம், அந்தக் கல் ஒவ்வொரு கலவையிலும் முதலில் அடித்ததாக இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்லக் கலவைக் குறிப்பு இல்லை.

நல்ல கல்லாக இருந்திருந்தால் இந்த மழையிலும் சுவர் நின்றிருக்குமா? தடுப்புச் சுவரும் அதே தார்ப்பாயின் கீழ்தான் நனைந்தது. அது நின்றது. கூரை இருந்திருந்தால் மோசமான கல்லும் அந்த ஆண்டு தப்பியிருக்கும், குறை பல ஆண்டு தெரியாமலே கிடந்திருக்கும். ஆகவே இரண்டு காரணமும் சேர்ந்துதான் சுவர் விழுந்தது.

எடுத்த முடிவுகள்: 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை

மொத்தமாக இடித்துவிட்டுச் செங்கல்லுக்கு மாறலாம் என்று ஒரு யோசனை. விழுந்த இடத்தை மட்டும் அடைக்கலாம் என்று இன்னொன்று. முதலாவது, நல்ல மூவாயிரத்துச் சொச்சம் கல்லை வீணாக்கும். இரண்டாவது, நின்றிருக்கும் மோசமான கல்லை உள்ளேயே விட்டுவிடும். பத்துக்கு ஒரு கல் வீதம் எல்லாச் சுவரிலும் ஆணிச் சோதனை செய்து, கெட்ட இடத்தை மட்டும் எடுப்பது என்று முடிவானது.

மலைப்பக்கச் சுவர் 20 அடியும் பிரிக்கப்பட்டது. ஏறக்குறைய 630 கல்லில் 300 மறுபடி பயன்பட்டது. பக்கத்து நெடுஞ்சுவரில் ஆறு அடி நீளத்துக்கு அடிப்பகுதி கெட்டிருந்தது. அதை மேல் சுவரைப் பிரிக்காமல், முட்டுக் கொடுத்து, இரண்டு இரண்டு அடியாக, ஒன்று விட்டு ஒன்று எடுத்து மாற்றினார்கள். ஒரு துண்டு கட்டிச் சாந்து ஒரு வாரம் இறுகிய பிறகே அடுத்த துண்டு. ஜனவரியில் புதிதாக 420 கல், எல்லாம் கால் மூட்டைக் கலவை.

முதல் திட்டத்தில் இல்லாத இரண்டு சேர்ந்தன. ஒன்று, சுவர்த் தலையில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட்: 9 அங்குல அகலம், 6 அங்குல உயரம், நான்கு 10 மி.மீ. கம்பி, மூலைகளில் கம்பியை வளைத்து இரண்டடி மேற்படிய விட்டது. சிமெண்ட் 9 மூட்டை, நீளக் கம்பி 110 கிலோ. ஓட்டுக் கூரை சுவரை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை இது பிடித்துக்கொள்கிறது. மற்றது, வீட்டுக்கு மேட்டுப் பக்கம் 12 அடி தள்ளி, இரண்டு அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட வெட்டுக்கால்வாய். மலை நீர் வீட்டைத் தொடாமல் இரு பக்கமும் பிரிந்து போக அது. செலவென்று பார்த்தால் இரண்டு நாள் கூலி. முதல் நாளே வெட்டியிருக்க வேண்டியது.

கூரை

30 டிகிரிச் சரிவு, நாலு பக்கமும் இரண்டரை அடி இறக்கம். மண் கல் சுவருக்கு இந்த இறக்கம்தான் குடை. ஓடு மிச்சம் பிடிக்க அதைக் குறைக்கக் கூடாது. கூரைப் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர அடி, மங்களூர் ஓடு 1,500. ஓடு தாங்கும் ரீப்பர் சட்டங்களின் இடைவெளியைப் புத்தக அளவில் அடிக்காமல், வாங்கிய ஓட்டில் பத்தை வரிசையாகக் கோத்து அளந்து அடித்தார் ஆசாரி. பழைய ஓடும் புது ஓடும் கலந்து வாங்கினால் இந்த அளவு ஒத்துவராது. இங்கே 200 ஓடு அப்படி ஒதுங்கியது. 2022 மே நடுவில் கூரை முடிந்தது.

தண்ணீரும் மற்றவையும்

கூரையின் ஒரு சரிவில் மட்டும் மழைநீர் பிடிக்கும் வடிகால் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் 40 சதுர மீட்டர். ஆண்டு மழை 900 மி.மீ. என்று வைத்து ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 29,000 லிட்டர். ஐந்து பேர் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 35 லிட்டர். மார்கழி தொட்டு ஆனி வரை மழை இல்லாவிட்டாலும் 7,500 லிட்டருக்குள் அடங்கும். 12,000 லிட்டர் பெரோசிமெண்ட் தொட்டி (கம்பி வலையில் சிமெண்ட் கலவை பூசியது) கட்டியது போதுமானது. எட்டரை அடி விட்டம், ஏழரை அடி உயரம், கோழி வலை இரண்டு சுற்று, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று கலவை. மே வெயிலில் மேற்கு முகத்துக்குத் தண்ணீர் காட்டுவது இரண்டு நாள் தவறியதில் மயிரிழை வெடிப்பு விழுந்தது. சிமெண்ட் பால் இரண்டு தடவை அடித்து நின்றது.

முதல் மழையின் அழுக்கை ஒதுக்க ஆறு அங்குலக் குழாய் ஏழு அடி, அடியில் மூடி. அது நிறைந்த பிறகே தண்ணீர் தொட்டிக்குப் போகும். 37 லிட்டர் பிடிக்கிறது. மழை விட்டதும் மூடியைத் திறந்துவிட வேண்டும். பிள்ளைகள் பொறுப்பில் விட்டது இது ஒன்றுதான், தவறாமல் நடக்கிறது.

கழிப்பறை இரட்டைக் குழி, ஒன்று நிறைந்தால் மற்றதற்குத் திருப்புவது. சாண எரிவாயுக் கலம் இரண்டு கன மீட்டர் கட்டினார்கள். அதற்கு நாளுக்கு 50 கிலோ சாணம் வேண்டும். வீட்டில் இரண்டு நாட்டு மாடு, பாதிச் சாணமும் சேர்வதில்லை. காஸ் சிலிண்டர் வாங்குவது நிற்கவில்லை.

மின்சாரம்: 2022 ஜூன் முதல் 2023 பிப்ரவரி வரை

நாளுக்கு விளக்கு 225, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மூன்று பி.எல்.டி.சி. மின்விசிறி 840, மிக்சியும் போன் சார்ஜரும் சேர்த்து 200 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்போடு ஏறத்தாழ ஒன்றரை யூனிட். குளிர்பதனப் பெட்டி இல்லை. 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி குழாய்த் தட்டு பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட். 270 வாட் சூரியப் பலகை மூன்று, 60 செல் கொண்டவை. வீட்டை ஒட்டிய புளியமர நிழல் படாமல் 25 மீட்டர் தள்ளி நிறுத்தினார்கள். 4 சதுர மி.மீ. கம்பி, பலகையின் மின்னழுத்தத்தை மாற்றாமல் அப்படியே பேட்டரிக்கு விடும் சாதாரண பி.டபிள்யூ.எம். கட்டுப்பாட்டுப் பெட்டி, மூன்று பலகையும் இணையாக.

வெயில் நாட்களில் குறை தெரியவில்லை. டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியபோது இரண்டு நாள் மேகமூட்டம். முதல் இரவே விளக்கு அணைந்தது. பேட்டரி அமிலத்தின் அடர்த்தி 1.170. முழுச் சார்ஜில் 1.240ஐத் தாண்ட வேண்டியது.

காரணம் எளிது. 60 செல் பலகையின் வேலை மின்னழுத்தம் 31 வோல்ட் என்று ஒட்டியிருக்கும். அது 25 டிகிரியில். வேலூர் வெயிலில் செல் 65 டிகிரி தொட்டால் 26 வோல்ட்தான். 24 வோல்ட் பேட்டரி நிறைய 28.8 வேண்டும். போதாததற்கு, போக வர 50 மீட்டர் கம்பியில் 26 ஆம்பியர் ஓடினால் 6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போகிறது. ஆறு மாதமும் பேட்டரி ஒரு நாள்கூட நிறைந்ததில்லை.

பிப்ரவரியில் கம்பியை மாற்றாமல் பலகைகளைத் தொடராக இணைத்து, கூடுதல் மின்னழுத்தத்தை பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கித் தரும், 150 வோல்ட் தாங்கும் 40 ஆம்பியர் எம்.பி.பி.டி. பெட்டி வைத்தார்கள். சுமையற்ற மின்னழுத்தம் 114 வோல்ட், குளிர்ந்த காலையில் கொஞ்சம் கூடும். அதனால் 100 வோல்ட் பெட்டி ஆகாது. ஓட்டம் 9 ஆம்பியருக்குள் இறங்கியதால் கம்பி இழப்பு 2 வோல்ட். சமன் சார்ஜ் (வழக்கத்துக்கு மேல் நீட்டித்த சார்ஜ்) மூன்று முறை கொடுத்ததில் அடர்த்தி 1.225 வரை மீண்டது. மீதி திரும்பவில்லை, அந்த பேட்டரிகளின் ஆயுளில் ஒரு பகுதி போனது போனதுதான்.

விளைவு

மாண்டஸ் மழையில் வெட்டுக்கால்வாய் நிறைந்து ஓடியது. மலைப்பக்கச் சுவரில் தரையிலிருந்து அரை அடிக்குத் தெறிப்பு ஈரம் மட்டும். 2023 மே மாதம் வெளியே 41 டிகிரி இருந்த மதியங்களில் உள்ளே 35. வெப்பம் சுவர் வழியாக வரவில்லை, ஓட்டிலிருந்து இறங்குகிறது. அடியில் மூங்கில் தட்டி கட்டுவது பாக்கி.

சுவர் விழுந்ததில் கல், கம்பி, கூலி சேர்த்து 62,000 ரூபாய் கூடுதல், ஏழு மாத வாடகை தனி.

மறுபடி கட்டினால்

குடும்பமே எழுதி வைத்த மாற்றங்கள் இவை. வெட்டுக்கால்வாய் முதல் வேலை. கல் அறுக்கும் நாள் கணக்கை முதல் பத்து நாள் அறுத்துப் பார்த்த பிறகே போடுவது. அந்தப் பத்து நாள் கல்லை வீட்டுச் சுவருக்கு எடுக்காமல் மாட்டுக் கொட்டகை, திண்ணை, தோட்டச் சுவருக்கு ஒதுக்குவது. அடுக்கின் மேல் தேதியோடு கலவை எண்ணும் எழுதுவது. ஆவணிக்குள் சுவர் முடியாது என்று தெரிந்தால் ஜன்னல் மட்டத்தோடு நிறுத்தி, தலையில் இரண்டு அங்குலச் சிமெண்ட் மூடி போட்டுத் தைக்குக் காத்திருப்பது.

மருமகள் முன்பு சொன்ன ஒன்றை மட்டும் பெரியவர் இன்னும் ஒப்பவில்லை. ஆடியில் உத்திரம் ஏற்றும் பேச்சு வேண்டாம் என்கிறார். அதற்குப் பதில் வேலையை ஐப்பசி மழை விட்டதும், கார்த்திகைக் கடைசியிலேயே தொடங்கி இரண்டு மாதம் முந்தலாம் என்பது அவர் கணக்கு. மாட்டுக் கொட்டகைக்கு அப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள். மண் சலிப்பு நடக்கிறது.